பத் வீ

“புள்ள, உனக்குக் கதைக்க ஏலாதா, இல்லாட்டிக் கதைக்க விருப்பமில்லையா?”

எட்டாம் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திவிட்டு ரீச்சர் கேட்ட கேள்வி இது. புத்தகம் என் கையில் விரித்தபடி இருந்தது. வாசிக்கச் சொன்ன பந்தி எனக்குப் பாராமலே பாடம். ஆனாலும் மணி அடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த கிழமையும், அதன் பிறகும் போகவில்லை. நான் பெரியவளாகி மூன்று மாதமாகியிருந்ததால் அக்கம்பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ரீச்சருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அது ஒன்பது பக்கம் போனது. அதன் பிறகு எதையாவது எழுதி அரிசிப் பெட்டகத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பது பழக்கமாகிவிட்டது.

இந்தக் கொப்பியில் எழுதப்போவது 1989ஆம் ஆண்டு ஜனவரி இரண்டாம் திகதி, திங்கட்கிழமையைப் பற்றி. புதிய ஜனாதிபதி கண்டியில் சத்தியப்பிரமாணம் செய்ததை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்த நாள் அது. நாடெல்லாம் அன்றைக்கு அவரைப் பார்த்திருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஜனாதிபதியை ஒரு கண்ணாலும் ஜவுபர் மச்சானை மறு கண்ணாலும் பார்த்தோம். என் தாத்தா, அதாவது அக்கா றபீக்கா, சவுதிக்குப் போவதா இல்லையா என்பது அன்று மச்சானின் வாயில் இருந்தது.

தாத்தா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு கல்முனைக்குடியில் இருக்கும் இந்த வீட்டை அவளுக்கு எழுதி, சம்மாந்துறையிலிருந்து மச்சானைக் கலியாணம் செய்துவைத்தார்கள். மச்சான் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுப்பவர். லொறியோடு பொலன்னறுவைப் பக்கம் போய்ச் சிங்கள விவசாயிகளிடம் நெல் வாங்கிவருவார். பிறகு பாதை குழம்பியது, லொறி நின்றது, வேலையும் நின்றது. ஒரு வருடமாக நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. பர்ஸானா பிறந்து எட்டு மாதம். போன மாதம் அப்துல் கபூர் வந்தார். ஆட்களை சவுதிக்கு அனுப்புகிற ஏஜென்ட் அவர். றியாத்தில் மழை பெய்வதென்றாலும் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெய்யும் என்பதுபோலக் கதைப்பார். தாத்தாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார். கைநாட்டும் ஒப்பமும் வைக்க வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குள் உம்மா பர்ஸானாவுக்குப் போத்தலில் பால் பழக்கத் தொடங்கியிருந்தார். பிள்ளை வாயைத் திருப்பும். உம்மா விடமாட்டார். தாத்தா அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போய், கழுவிவைத்த சட்டியையே மீண்டும் கழுவுவாள்.

எங்கள் வீட்டில் ரீவி இருந்ததும் சவுதியால்தான். மாமி மகள் நஸீறா இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுக் கொண்டுவந்தது. வந்தவளைக் கண்டு அவள் பெற்ற பிள்ளை வீரிட்டு அழுதான். அவன் பழகுவதற்குள் அவள் திரும்பிப் போக வேண்டி வந்தது. ரீவியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் கச்சிமுகம்மது போடியார் பொலன்னறுவையில் நெல் வாங்கும் கடை ஒன்று திறக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். ஊரில் பெரிய வயல்காரர் அவர், சொந்தமாக லொறியும் வைத்திருப்பவர். கடையில் இருத்துவதற்குச் சிங்களம் தெரிந்த, நம்பிக்கையான ஆள் தேடுகிறாராம். அந்த வேலை மச்சானுக்குக் கிடைத்தால் தாத்தா சவுதிக்குப் போகத் தேவையில்லை. உம்மாவின் தம்பி மீராமுகைதீன் மாமா போய் மச்சானைப் பற்றிச் சொன்னார். போடியார் சொன்ன பதிலை மாமா வந்து அப்படியே சொல்லிக் காட்டினார்:

“உன்ட மருமகனுக்குச் சிங்களம் தெரியும் எண்டு நீ சொல்ற. எனக்குத் தெரியா, உனக்கும் தெரியா. மறுகா அவன் பொய் சொன்னா ஆருக்கு வெளங்கும்? திங்கக்கிழம ஜனாதிபதி சத்தியம் செய்றாராம், ரீவில காட்டுவானாம். உங்கட வீட்ட வாறன். அவன் சொல்லட்டும், நான் கேக்கிறன்.”

போடியார் வீட்டில் ரீவி கிடையாது. அது ஷைத்தானின் பெட்டி என்பார். மற்றவர்கள் வீட்டில் இருக்கும் ஷைத்தானைப் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை.

“அதுக்கென்ன மாமா, சொல்லுவம்” என்றார் மச்சான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் போன பிறகும் தாத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானின் சிங்களம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் வளவுக்குப் பின்னால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குவாட்டர்ஸ் ஒன்று இருந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அங்கே சீலா நோனா என்ற சிங்களப் பெண் குடிவந்தாள். அவளுடைய புருஷன் விடிந்தால் வாய்க்கால்களைப் பார்க்கப் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. கோழி முட்டை கொடுக்கப் போன என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கதைத்தாள். கதைக்காத பிள்ளை என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. நான்கு வருடம் கேட்டேன். பழைய பத்திரிகையை விரித்து எழுத்தும் சொல்லித்தந்தாள். ஒரே ஒரு இடத்தில்தான் என்னோடு சண்டை பிடிப்பாள். பல்லில் வரும் ‘ப’, பஸ்ஸில் வரும் ‘ப’. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. சிங்களத்தில் எழுத்தும் வேறு, பொருளும் வேறு. என் விரல்களை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துச் சொல்லிக் காட்டுவாள். பஸ்ஸின் ‘ப’வுக்குத் தொண்டை தேனீக்கூடு போல அதிரும். பல்லின் ‘ப’வுக்குச் சும்மா இருக்கும். மாற்றலாகிப் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மச்சான் சிங்களம் கதைத்து ஒருமுறை கேட்டிருக்கிறேன். சட்டிபானை லொறியில் வந்த சிங்களவரோடு வாசலில் நின்று கதைத்தார். நன்றாகத்தான் கதைத்தார், விலையும் நிறையும் வரும்வரை. லொறிக்காரர் தன் மகளின் கலியாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மச்சான் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். லொறிக்காரர் சொன்னது அந்தக் கலியாணம் குழம்பிப்போன கதை.

திங்கட்கிழமை வந்தது. கரன்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் நாட்கள். அதனால் போடியார் தன் உழவு இயந்திரத்தின் பற்றறியைக் கழற்றி அனுப்பியிருந்தார். அதை ஒரு சாக்கின் மேல் வைத்து ரீவியைக் கொளுவினார்கள். மாமா வெளியே நின்று அன்ரனாக் கம்பத்தைத் திருப்பினார்.

“இப்ப எப்பிடி?”

“ஆள் தெரியுது மாமா. தல இல்ல” என்றார் உள்ளே நின்ற மச்சான்.

“காரதீவுப் பக்கம் திருப்பட்டா?”

“தல வந்துட்டு. இப்ப ரெண்டு தல.”

“ஒண்ட நீ பாரு, மத்தத நான் வந்து பாக்கிறன்” என்று மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

முன் ஹோலில் போடியார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் பாயில் இருந்தார்கள். ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் நாங்கள் மூன்று பெண்கள். உம்மா வாங்குப் பலகையில், தாத்தா பிள்ளையை மடியில் வைத்து நிலத்தில், நான் சுவரோரம். திரையின் கிழிசல் எனக்கு நேராக இருந்தது. மச்சான் ரீவிக்குப் பக்கத்தில், வகுப்பில் பாடம் நடத்துகிறவர் போல நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தாத்தா காலையில் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தது.

“ரேடியோவத் துறந்தாத் தமிழ்ல சொல்லுவானே” என்றார் பாயில் இருந்த ஒருவர்.

“வேணாம்” என்றார் போடியார். “ஜவுபர் சொல்லட்டும்.”

கறுப்பு வெள்ளைப் படம். கண்டி பௌத்தக் கோயிலான தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் தெரிந்தது. அதன் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சனம். முன்பு ராசாக்கள் நின்ற இடம் என்று மாமா சொன்னார். பெரிய குடும்பங்களில் பிறக்காத ஒருவர் இந்தக் கதிரைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார்.

“நீ மத்தாளுக்குத்தானே வோட்டுப் போட்ட?” என்றார் போடியார்.

“போட்டதுதான். அதுக்காக இவர் கதிரைல ஏறக்க கண்ண மூடவா?”

வர்ணனையாளரின் குரல் வந்தது. நல்ல, எழுதிவைத்த சிங்களம். சீலா நோனா பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டும் சிங்களம். எனக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. அத்தனை பேர் இருந்த அந்த வீட்டில் அந்தக் குரல் எனக்கு மட்டுமே சொல்வதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் மச்சானையும் தாத்தாவையும் மறந்துவிட்டேன். அந்தச் சனக்கூட்டத்தின் ஒரு மூலையில் நானும் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

“என்ன சொல்றான் ஜவுபர்?” என்றார் போடியார்.

“கண்டில இருந்து சொல்றாங்க போடியார்.”

“ம்.”

“சனம் நெறய வந்திரிக்காம்.”

“அது எனக்கும் தெரியுதுடா, கண்ணிரிக்கு” என்றார் மாமா. பாயில் சிரிப்பு எழுந்தது.

மச்சானின் கழுத்தோரம் வியர்த்தது. குரல் நீளமாகச் சொல்லிக்கொண்டே போனது. அவர் கண்களைச் சுருக்கி, தலையை ரீவிப் பக்கம் சாய்த்து, தெரிந்த சொல் ஒன்றாவது வராதா என்று காத்து நின்றார். அப்போது வர்ணனையாளர் “ஜனாதிபதி லெஸ பத் வீ” என்றார். ஜனாதிபதியாக நியமனம் பெற்று என்று அர்த்தம். சற்று நேரத்தில் மீண்டும் “பத் வீ” என்றார்.

“பதவி எண்டு சொல்றாப்போல இரிக்கி” என்றார் உம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. “நெல்லப் பத்திச் சொல்றாங்க போடியார். பத் எண்டாச் சோறு. வீ எண்டா நெல்லு. ஜனாதிபதி சோறும் நெல்லும்… குடுக்கப் போறாராம்.”

பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமூச்சு வந்தது. இரண்டு சொற்களும் அவருடைய லொறிச் சிங்களத்தில் இருந்தவை. சோற்றுக்கு வருவது பஸ்ஸின் ‘ப’. நியமனத்துக்கு வருவது பல்லின் ‘ப’. சொல்லின் வாலில் ‘ஆகி’ என்ற பொருளில் ஒட்டிக்கொள்ளும் ‘வீ’யும், வயலில் விளையும் ‘வீ’யும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். நெல் நிறுக்கிறவருக்கு முதலில் நெல்தானே காதில் விழும்.

“ஆருக்குக் குடுக்கப் போறார்?” என்றார் போடியார்.

“எல்லாருக்கும்.”

“சும்மாவா?”

மச்சான் ரீவியைப் பார்த்தார். வர்ணனையாளர் மீண்டும் “பத் வீ” என்றார். “ஓம் போடியார். சும்மாதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் பாயில் ஒருவர்.

போடியார் கதிரையில் சாய்ந்து தாடியைத் தடவினார். மச்சான் தேறிவிட்டார் என்று நினைத்துத் தாத்தா என் கையைப் பிடித்தாள்.

“அப்ப ஜவுபர்,” என்றார் போடியார் மெதுவாக, “அரசாங்கம் சோறும் நெல்லும் சும்மா குடுத்தா, நான் வாங்கிற நெல்ல ஆரு வாங்கிற?”

மச்சான் சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்தார்.

“பொலன்னறுவைல கடை துறந்து என்ன செய்ற? குருவிக்குப் போடவா?” என்று போடியார் மாமாவின் பக்கம் திரும்பினார். “மீராமுகைதீன், நல்ல வேள இண்டைக்கு வந்து கேட்டன். கடை வேணாம். லொறியும் நிக்கட்டும். ஜவுபருக்குச் சிங்களம் தெரியுது, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அவனுக்குக் குடுக்க வேல இல்லாமப் பெய்த்து.”

“இல்ல போடியார்,” மச்சானின் குரல் இறங்கியது, “இப்பவே குடுக்க மாட்டாங்க. ஆறு மாசம் போகும்…”

“குடுக்கிறண்டு சொன்னாரா, இல்லையா?”

“…சொன்னார்.”

தாத்தாவின் கை என் கையிலிருந்து நழுவியது. அவள் அழவில்லை. பர்ஸானாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, போத்தல் எங்கே என்று உம்மாவிடம் கண்ணால் கேட்டாள். அது போதும்.

“அது நெல்லு இல்ல” என்றேன்.

கதைத்தது நான்தான் என்று எனக்கே விளங்கச் சற்று நேரம் சென்றது. உம்மா என் புஜத்தைக் கிள்ளினார்.

“ஆர் அது?” என்றார் போடியார்.

“என்ட இளைய மகள், காக்கா” என்று உம்மா, போடியாரை அண்ணன் முறையாக அழைத்து, திரைக்குள்ளிருந்து சொன்னார். “ஸுல்பிகா. அவ… கதைக்கிறதில்ல.”

“இப்ப கதைச்சாவே. புள்ள, என்ன சொன்ன?”

இனி நிறுத்தினாலும் ஒன்றுதான், தொடர்ந்தாலும் ஒன்றுதான். மச்சானை நாலு பேர் முன்னால் பொய்யனாக்கப் போகிறேன் என்பது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “அது பத் வீ. நியமனம் ஆகி எண்டு அர்த்தம். ஜனாதிபதியா வந்ததச் சொல்றாங்க. நெல்லப் பத்தி இதுவரைக்கும் ஒண்டும் சொல்லல்ல. சோத்துக்கு வாற பத் வேற. அதச் சொல்லக்க தொண்ட அதிரும். இதுக்கு அதிராது.”

“எங்க அதிரும்?”

“தொண்டைல. விரல வெச்சுப் பாருங்க. பஸ் எண்டு சொல்லிட்டு, மறுகா பல் எண்டு சொல்லுங்க.”

கிழிசல் வழியாகப் பார்த்தேன். போடியார் தொண்டையில் இரண்டு விரலை வைத்து “பஸ்” என்றார். “பல்” என்றார். மாமாவும் வைத்தார். பாயில் இருந்த அத்தனை பேரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பஸ், பல், பஸ், பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரீவியில் வெள்ளை உடுப்பில் புதிய ஜனாதிபதி வந்துவிட்டார். அவரை யாரும் பார்க்கவில்லை.

“ஓம்டா,” என்றார் மாமா, “பஸ்ஸுக்கு அதிருது.”

“பதவி எண்டுதானே நான் அப்பவே சொன்னன்” என்று உம்மா முணுமுணுத்தார்.

மச்சான் மட்டும் தொண்டையைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார்.

“வாசிக்கப் போறார் போல இரிக்கி” என்றார் போடியார். “புள்ள, நீ சொல்லு. என்ன சொல்றார்?”

ஜனாதிபதி சத்தியப்பிரமாணத்தை வாசிக்கத் தொடங்கினார். முதல் சொல் “மம”. நான் என்று அர்த்தம்.

“நான்” என்றேன்.

அந்தச் சொல்லைச் சபையில் நான் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது என்னுடைய நான் இல்லை, அவருடையது. இரவல் உடுப்புப் போட்டுக்கொண்டதுபோல அதற்குள் நின்று சொல்வது சுகமாக இருந்தது. ஜனாதிபதிப் பதவிக்குரிய கடமைகளை விசுவாசமாகச் செய்வேன், அரசியலமைப்புச் சட்டத்தின்படி நடப்பேன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். சில சொற்களுக்குத் தமிழ் வரவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் ஓர் இடத்தில் மூச்சு எடுத்தார். நானும் எடுத்தேன். வாசித்து முடித்தபோது ரீவியில் பெரும் ஆரவாரம். மாளிகைக்கு முன்னால் அத்தனை ஆயிரம் பேர் கை தட்டினார்கள். கொஞ்சம் எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். யார் தடுக்கப்போகிறார்கள்?

போடியார் அதன் பிறகு ரீவியைப் பார்க்கவில்லை.

“ஜவுபர், இஞ்ச வா. இரு. உண்மையச் சொல்லு, உனக்கு எவ்வளவு சிங்களம் தெரியும்?”

மச்சான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். “நெல்லு, சாக்கு, தராசு. ஈரம், தூசி, பதர். லொறில ஏத்திற, இறக்கிற. அவ்வளவுதான் போடியார். அதுக்கங்கால தெரியா.”

“அத முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வேல தந்திருப்பயளா?”

போடியார் யோசித்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார். “புள்ள, நீ பொலன்னறுவை விவசாயி. நெல்லு மூட்டயோட வந்திரிக்க. உன்ட நெல்லு நல்ல நெல்லு எண்டு சிங்களத்துல சொல்லு. இவன் என்ன சொல்றான் எண்டு பாப்பம். அவன் சொல்றதத் தமிழ்லயும் சொல்லு.”

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். அவர் முன்னால் நான் நின்று கதைத்ததில்லை. அவர் கிணற்றடிக்கு வந்தால் நான் அடுக்களைக்குப் போவேன். அப்படிப்பட்ட மச்சானோடு நான் கதைத்த முதல் வசனம் சிங்களத்தில், “மகே வீ ஹொந்தட்ட வேலிலா.” என் நெல் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

மச்சான் தலையை உயர்த்தினார். முகத்தில் என்னவோ மாறியது. கையை நீட்டி, இல்லாத சாக்கிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார். ஒரு மணியைப் பல்லில் கடித்தார். “நே நே, தெத்தய்” என்றார். இல்லை இல்லை, ஈரம்.

மூன்று நாள் வெயிலில் போட்டேன் என்றேன். எந்த வெயில், போன கிழமை மழைதானே என்றார். இது நல்ல இன நெல் என்றேன். பதர் கூட, இதோ ஊதிக் காட்டுகிறேன் என்று உள்ளங்கையை ஊதினார். அப்படியென்றால் வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். போங்கள் அண்ணே, ஆனால் சாக்கைத் தூக்குவதற்கு முன் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். சீலா நோனா கதைப்பதுபோலவே மச்சான் கதைத்தார், நிற்காமல், நெளிவு சுளிவோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அதையும் தமிழில் சொன்னேன். தாத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“தேத்தண்ணி குடுக்கிறயா?” என்றார் போடியார்.

“குடுத்தா ஆள் இரிப்பான் போடியார். இருந்தா நெல்ல இறக்குவான்.”

போடியார் முதல் தடவையாகச் சிரித்தார். “சரிடா. நான் பொலன்னறுவைல சத்தியப்பிரமாணமா செய்யப் போறன்? எனக்கு நெல்லுச் சிங்களம் போதும். வியாழக்கிழம லொறி வெளிக்கிடும், ஏறு. சிங்களத்துல கடிதம் கிடிதம் வந்தா இஞ்ச அனுப்பு, இந்தப் புள்ள வாசிச்சுச் சொல்லும். இனி ஒண்டு, தெரியாதத் தெரியும் எண்டு எனக்குச் சொல்லாத.”

“இல்ல போடியார்.”

“உன்ட சம்மாந்துற ஊர்க்காரனுகளுக்கு அது வராது. எண்டாலும் முயற்சி செய்.”

எல்லோரும் போன பிறகு மச்சான் ரீவியிலிருந்து பற்றறியைக் கழற்றினார். உள்ளே வரவில்லை. திரைக்கு அப்பால் அவர் நிற்பது தெரிந்தது.

“தங்கச்சி.”

“ஓம் மச்சான்.”

“வீ எண்டா நெல்லுந்தானே?”

“நெல்லுந்தான்.”

“அப்ப நான் பாதி சரி.”

“பாதி சரி மச்சான்.”

அவர் கிணற்றடிக்குப் போனார். அங்கே நின்று யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தொண்டையில் விரலை வைத்து, பஸ், பல் என்று சொல்லிப் பார்த்தார்.

அஸர் தொழுகை முடிந்து அப்துல் கபூர் வந்தார். கையில் கறுப்புப் பை. வாசலிலேயே தொடங்கிவிட்டார். “ஜனாதிபதியப் பாத்தயளா? நான் கொழும்புல அவர்ர கூட்டத்துக்கெல்லாம் போயிருக்கன். அது கிடக்கட்டும், றபீக்கா வேலைக்குப் போற வீடு றியாத்ல நல்ல இடம். ரெண்டு புள்ளயள்தான். சமையலுக்கு வேற ஆள். அந்த வீட்டுக்காரர் தங்கமான மனிசன். போன மாசம்தான் பேசினன். தாள எடுங்க, பேனை எடுங்க, எனக்கு நிந்தவூருக்கும் போகோணும்.”

உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மச்சான் கதிரையில் இருந்தார். தாத்தா திரையை விலக்கிக்கொண்டு, பர்ஸானாவை இடுப்பில் வைத்தபடி ஹோலுக்கு வந்தாள். ஆண்கள் இருக்கும்போது அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

“என்ட படத்தத் தாங்க, கபூர் காக்கா” என்றாள்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். தாத்தாவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். உம்மா பர்ஸானாவின் காலில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ரீவிக்கு முன்னால் சுருட்டாத பாயும், சாக்கின் மேல் இருந்த பற்றறியும் அவர் கண்ணில் பட்டன. என்ன நடந்திருக்கும் என்று அவரால் ஊகிக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“படம் நாலும் இரிக்கி எண்டா நாலும் வேணும்” என்றாள் தாத்தா.

அப்துல் கபூர் கோப்பையைக் கீழே வைத்தார். பையைத் திறந்து, தாள்களுக்குள் கைவிட்டு, நான்கு படங்களையும் எடுத்து மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மேலே இருந்த படத்தில் தாத்தாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. மீதித் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பையைப் பூட்டினார், எழுந்தார், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். படலையைத் திறந்து, ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.